பாக்டீரியா பரீட்சைக்குள்ளே இத்தனை கூத்தா? தெரியுமா?

சரியாகப் பதில் சொன்னால் பரிசாக இன்னும் கடினமான கேள்வி தரும் பரீட்சை ஒன்று இருக்கிறது, தெரியுமா? மருத்துவமனை ஆய்வகத்தில் உட்கார்ந்து சளியையும் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்து, "நோயாளியின் உடம்பில் இருப்பது இன்ன கிருமி" என்று சொல்கிறார்களே, அந்த வேலைக்கு அமெரிக்காவில் சான்றிதழ் வழங்கும் ஏ.எஸ்.சி.பி. தேர்வுதான் அது. 1928-லிருந்து சான்றிதழ் கொடுத்துவரும் அமைப்பு. நுண்ணுயிரியல் பிரிவுக்கு 100 கேள்விகள், இரண்டரை மணி நேரம். கேள்விக்கு ஒன்றரை நிமிஷம் தேறும்.

எதிரே இருக்கும் கணினி உங்களை எடைபோட்டுக்கொண்டே இருக்கும். சரியாகச் சொன்னால் அடுத்தது ஒரு படி கடினம். தவறினால் ஒரு படி எளிது. விக்கிரமாதித்தன் சரியான பதிலைச் சொல்லி முடித்ததும்தானே வேதாளம் முருங்கை மரம் ஏறும்? அதே சங்கதி! அதனால்தான் நன்றாக எழுதியவர்கள்கூட "போச்சு, எல்லாம் போச்சு" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறார்கள். 999-க்கு 400 எடுத்தால் தேர்ச்சி. "அடடே, நூற்றுக்கு நாற்பதுதானா?" என்று துள்ளிவிடாதீர்கள். கேள்வியின் கடினத்தையும் சேர்த்து எடைபோட்ட அளவுகோல் அது. எத்தனை கேள்விக்குச் சரியாகச் சொன்னீர்கள் என்ற கணக்கு அல்ல.

இதற்குப் படிப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கேட்டலேஸ் பாசிட்டிவ், கோயாகுலேஸ் நெகட்டிவ், ஆக்சிடேஸ் பாசிட்டிவ் என்று அட்டவணை அட்டவணையாக உருப்போடுகிறார்கள். ஆனால், அந்த அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் ஒரு சமையலறையோ, ஒரு போர்க்களமோ, அடிபட்ட ஒரு சிறுமியோ நிற்பது தெரியுமா? கதை தெரிந்தால் கட்டம் மறக்காது என்பது என் கட்சி. வாருங்கள், புகுந்து பார்த்துவிடலாம்!

நோன்புக்கஞ்சிக்குப் பக்கத்தில் இருப்பதே ஆய்வகத்திலும்!

ரம்ஜான் நாட்களில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றிக் குளிரவைத்துத் துண்டு போடுவார்களே கடல்பாசி, அதே பொருள் இல்லாவிட்டால் உலகத்தில் ஒரு கல்ச்சர் ரிப்போர்ட்டும் வெளியே வராது, தெரியுமா? சைனா கிராஸ் என்றும் அகர் அகர் என்றும் மளிகைக் கடையில் கிடைப்பதுதான் ஆய்வகத்தின் 'அகர் பிளேட்'.

ராபர்ட் காக் என்ற ஜெர்மன் மேதை கிருமிகளை வளர்க்க முதலில் ஜெலட்டினைத்தான் நம்பினார். அது மனித உடம்பின் வெப்பத்தில், அதாவது 37 டிகிரியில், உருகிக் கூழாகிவிடும். போதாக்குறைக்குச் சில பாக்டீரியாக்கள் ஜெலட்டினையே தின்று தண்ணீராக்கிவிடும். காக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸே தலையில் கை வைத்துக்கொண்டார். 1881-ல் அவருக்கு வழிகாட்டியவர் யார் தெரியுமா? அவர் மனைவி ஃபேனி! "நான் ஜெல்லி செய்யப் போடுகிறேனே அகர், அதைப் போட்டுப் பாருங்கள், வெயிலிலும் உருகாது" என்ற பொருளில் அந்த அம்மாள் சொன்ன யோசனைதான் நுண்ணுயிரியலையே நிமிர்த்தி நிறுத்தியது. நியூயார்க்கில் பிறந்த ஃபேனிக்கு அந்தச் சமையல் குறிப்பைச் சொன்னது, ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த ஒரு டச்சு அண்டை வீட்டுக்காரர்! அகர் உருக 85 டிகிரிக்கு மேல் வேண்டும். மறுபடி உறைய 40-க்குக் கீழே இறங்க வேண்டும். இந்த இடைவெளிதான் பொக்கிஷம்.

1882-ல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதியபோது காக் அகரை ஒரே வரியில் குறிப்பிட்டார். ஃபேனியின் பெயர் அதில் இல்லை. காக்கின் உதவியாளர் பெட்ரி 1887-ல் ஒரு மூடி போட்ட தட்டைச் செய்தார். 'பெட்ரி டிஷ்' என்று அவர் பெயர் உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. தட்டுக்குப் பெயர் கிடைத்தது, தட்டில் இருந்த பண்டத்தைக் கொடுத்தவருக்குக் கிடைக்கவில்லை!

நம் ராமநாதபுரம் கரையோரத்தில் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கும் பாசிகளில் சில வகைகளிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். இன்னொன்று: காக்குக்குத் தலைவலியாக இருந்த 'ஜெலட்டினைத் தின்னும்' குணம் வீண்போகவில்லை. எந்தக் கிருமி ஜெலட்டினைக் கரைக்கும், எது கரைக்காது என்பதே ஒரு பரிசோதனையாகி, இன்றைக்கும் தேர்வில் கேள்வியாக வருகிறது.

சாக்லேட் அகரில் சாக்லேட் துளிகூடக் கிடையாது, தெரியுமா? ரத்தத்தைச் சூடாக்கினால் சிவப்பு அணுக்கள் உடைந்து பழுப்பு நிறம் வரும்; அவ்வளவுதான். ஏன் உடைக்க வேண்டும்? ஹீமோஃபிலஸ் என்ற கிருமிக்கு வேண்டிய இரண்டு சத்துகளும் சிவப்பு அணுவுக்குள்ளே பூட்டிக் கிடக்கின்றன. சாதாரண ரத்த அகரில் அது வளராது. ஆனால், அதே ரத்த அகரில் ஸ்டெஃபைலோகாக்கஸை ஒரு கோடாக இழுத்துவிட்டால், அது ரத்த அணுக்களை உடைத்துச் சிந்துவதை உண்டுகொண்டு, கோட்டை ஒட்டி மட்டும் ஹீமோஃபிலஸ் பொடிப்பொடிக் காலனிகளாக வளரும்! 'சாட்டிலைட்' வளர்ச்சி என்று இதைப் படத்தோடு கேட்பார்கள்.

இந்த ஹீமோஃபிலஸுக்கு ஜாதகமே விசித்திரம். 1892-ல் பிஃபெய்ஃபர் என்பவர் இன்ஃபுளுயன்சா காய்ச்சலுக்கு இதுதான் காரணம் என்று நினைத்தார். தப்பு! 1933-ல் வைரஸ் பிடிபட்டது. பெயர் மட்டும் 'ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே' என்று ஒட்டிக்கொண்டது. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1929-ல் பென்சிலினைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பில் அதன் உபயோகமாக எதைச் சொன்னார் தெரியுமா? உயிர் காப்பதை அல்ல! மற்றக் கிருமிகளை அடக்கிவிட்டு இந்த ஹீமோஃபிலஸைத் தனியே பிரித்து வளர்ப்பதை! இருபதாம் நூற்றாண்டின் மகா மருந்து, ஆய்வகத் தட்டில் களை எடுக்கும் பொருளாகத்தான் அறிமுகமானது. அதோடு முடியவில்லை: 1995-ல், தனித்து வாழும் உயிரிகளிலேயே முதன்முதலாக முழு மரபணுத் தொகுப்பும் படிக்கப்பட்டது இதே கிருமிக்குத்தான். ஒரு கிருமி, மூன்று வரலாறு. புத்தகத்தில் இதற்கு 'எக்ஸ், வி காரணிகள் தேவை' என்று அரை வரி!

பிணவறையில் பிறந்த நிறம்

ஆய்வகத்தில் நுழைந்ததும் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் கிராம் ஸ்டெயின். ஊதா, அயோடின், ஆல்கஹால், பிறகு சிவப்பு சாஃப்ரனின். ஊதாவாக நின்றால் கிராம் பாசிட்டிவ், சிவப்பானால் நெகட்டிவ். 1884-ல் பெர்லினில் ஒரு மருத்துவமனைப் பிணவறையில், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் துண்டுகளில் கிருமி தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டேனிஷ் டாக்டர் செய்த வேலை அது. ஆச்சரியம் என்னவென்றால், கிராம் அந்தச் சிவப்புச் சாயத்தைச் சேர்க்கவே இல்லை. அது பின்னால் வந்தது. பாக்டீரியா உலகத்தையே இரண்டாகப் பிரிப்போம் என்று அவர் கிளம்பவும் இல்லை. தன் முறை குறையுள்ளது என்றும் மற்றவர்கள் கையில் பயன்படக்கூடும் என்றும் அடக்கமாக எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

தேர்வில் சறுக்கிவிடும் இடம் ஆல்கஹால்தான். சில விநாடி அதிகமாக ஊற்றினால் ஊதாவில் நிற்க வேண்டியதும் சிவப்பாகிவிடும். பழைய கல்ச்சரில் எடுத்தாலும் அப்படியே. "ஸ்மியரில் எல்லாமே சிவப்பாக இருக்கிறது, நோயாளியின் செல்களின் உட்கரு நன்றாகச் சிவந்திருக்கிறது, என்ன தவறு?" என்கிற மாதிரி கேள்விக்குப் பின்னால் அந்தச் சில விநாடிதான் ஒளிந்திருக்கும்.

காசநோய்க் கிருமிக்கு இந்தச் சாயம் எளிதில் ஏறாது; மெழுகுக் கவசம். பால் எர்லிக் சாயம் தோய்த்த ஸ்லைடுகளை அணைந்த அடுப்பின் மேல் உலரவைத்துவிட்டுத் தூங்கப்போனார் என்றும், காலையில் யாரோ தெரியாமல் அடுப்பை மூட்டிவிட, பதறிப்போய்ப் பார்த்தால் கிருமிகள் முன்னெப்போதும் இல்லாத தெளிவில் ஜொலித்தன என்றும் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, சூடு மெழுகை இளக்கிச் சாயத்தை உள்ளே விடும் என்பது சத்தியம். இன்றைக்கும் ஸீல்-நீல்சன் முறையில் ஸ்லைடின் அடியில் தீ காட்டி ஆவி பறக்கவிடுகிறார்கள், கொதிக்கவிடக் கூடாது. இதில் மனதைத் தொடும் விஷயம், எர்லிக்குக்கே பின்னால் காசநோய் வந்தது. தன் சளியிலேயே அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்!

கண்ணைப் பறித்த மருந்தும் காலொடிந்த சிறுமியும்

பிளேட்டின் மேல் பொட்டு மாதிரி ஒட்டுகிறார்களே மருந்து தோய்த்த டிஸ்க், அதில் இரண்டைப் பார்ப்போம். முதலாவது ஆப்டோசின். டிஸ்க்கைச் சுற்றி நிமோகாக்கஸ் வளராத வளையம் 14 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் விழுந்தால் 'அவனேதான்' என்று எழுதலாம். இது மருந்தாகத்தான் பிறந்தது. 1910-களில் நிமோனியாக்காரர்களுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி செத்தது, சிலருக்குப் பார்வையும் போனது! மருந்து அலமாரியிலிருந்து இறக்கப்பட்ட ஆப்டோசின், ஆய்வகத்தில் காகிதப் பொட்டாக மறுஜென்மம் எடுத்து இன்றுவரை வேலை பார்க்கிறது.

இரண்டாவது பேசிட்ராசின். தொண்டைப்புண் கிருமியான ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸை அடையாளம் காட்டுவது. 1943-ல் எலும்பு முறிந்து தோல் கிழிந்த மார்கரெட் டிரேசி என்ற சிறுமியின் காயத்திலிருந்து எடுத்த பேசில்லஸ் கிருமி ஒன்று, மற்றக் கிருமிகளைக் கொன்றுகொண்டிருந்ததைக் கவனித்தார்கள். பேசில்லஸில் பாதி, டிரேசியில் பாதி: பேசிட்ராசின்! அடிபட்ட ஒரு குழந்தையின் பெயரை உலகம் முழுக்க மாணவர்கள் 'ஏ பிரிவு சென்சிட்டிவ், பி பிரிவு ரெசிஸ்டன்ட்' என்று தெரியாமலே உருப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எந்த மருந்து எந்தக் கிருமிக்குக் கேட்கும் என்று பார்க்கும் முல்லர்-ஹின்டன் அகர் இருக்கிறதே, 1941-ல் அது உருவானது மேகவெட்டை, மூளைக்காய்ச்சல் கிருமிகளை வளர்க்கத்தான். வந்த வேலை ஒன்று, நின்ற வேலை ஒன்று! அந்த அகர் 4 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். மெல்லிசாக ஊற்றிவிட்டால் வளையம் பெரிதாகி, கேட்காத மருந்து கேட்பதுபோல் பொய் சொல்லும், தடிமனானால் நேர்மாறு. இது தேர்வுக்கு மட்டும் உள்ள நுணுக்கம் அல்ல. அந்த ஒரு மில்லிமீட்டரில் ஒரு நோயாளிக்குத் தப்பான ஊசி போகலாம்.

தப்பான காரணத்துக்குச் சரியான விடை!

நம் ஊரில் கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'வி.டி.ஆர்.எல்.' என்று ஒரு வரி இருக்கும். கிரந்தி நோய், அதாவது சிபிலிஸ் இருக்கிறதா என்று பார்ப்பது. அதில் சிபிலிஸ் கிருமியே கிடையாது, தெரியுமா? இருப்பது மாட்டு இதயத்திலிருந்து எடுத்த கொழுப்பு!

1906-ல் வாசர்மன் குழு சிபிலிஸால் இறந்த சிசுக்களின் ஈரலை அரைத்துச் சாறெடுத்தது. அதில் கிருமி நிறைந்திருக்கும், நோயாளியின் ரத்தம் அதோடு சண்டை போடும் என்பது கணக்கு. பரிசோதனை அபாரமாக வேலை செய்தது. கொஞ்ச நாளில் குண்டு விழுந்தது: நோயே இல்லாத ஈரலின் சாறும், ஏன், மாட்டு இதயச் சாறும் அதே விடையைத் தந்தன! நோயால் சிதையும் நம் சொந்தத் திசுக்களின் கொழுப்போடுதான் ரத்தம் சண்டை போடுகிறது என்பது பின்னால் புரிந்தது. 1941-ல் மேரி பாங்போர்ன் மாட்டு இதயத்திலிருந்து அந்தக் கொழுப்பைச் சுத்தமாகப் பிரித்து 'கார்டியோலிபின்' என்றார். லூபஸ் போன்ற வேறு நோய்க்காரர்களுக்கும் இந்தப் பரிசோதனை ஏன் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டுகிறது என்று தேர்வில் கேட்டால், இந்த மாட்டு இதயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விடை தானாக வரும்.

இதற்குச் சற்றும் குறையாத இன்னொரு விந்தை வெய்ல்-ஃபெலிக்ஸ். முதல் உலகப் போர்க்காலத்தில் டைபஸ் காய்ச்சல்காரரின் சிறுநீரில் புரோட்டியஸ் என்ற கிருமி கிடைத்தது. நோய்க்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. ஆனாலும், டைபஸ் நோயாளிகளின் சீரத்தை விட்டால் அது திரிதிரியாகத் திரண்டது! இரண்டுக்கும் மேல்தோலில் ஏதோ சாயல் ஒற்றுமை. வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி பார்க்கும் ஸ்க்ரப் டைபஸுக்கு ஓ.எக்ஸ்.கே. என்ற புரோட்டியஸ் வகை திரளும். உண்மையான கிருமி உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும், பிளேட்டில் வளராது. அதனால், பக்கத்து வீட்டுக்காரனை வைத்துத் திருடனைப் பிடித்தார்கள். இப்போது துல்லியமான எலைசா வந்துவிட்டது. ஆனாலும் இந்தப் பழைய சோதனையின் அட்டவணை மாணவர்களை விடுவதாக இல்லை.

அமெரிக்கப் பரீட்சையில் மதுரை!

இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவீர்கள். சிகாகோவிலோ டெக்சாஸிலோ படிக்கும் ஒரு மாணவி, பூஞ்சை இயல் பகுதிக்கு வந்தால் நம் மதுரையின் பெயரைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது! மதுரெல்லா மைசெட்டோமாட்டிஸ் ஒரு பூஞ்சை. ஆக்டினோமதுரா மதுரே ஒரு பாக்டீரியா; அதன் பெயரில் மதுரை இரண்டு தடவை! 1842-ல் மதுரையில் மருந்தகம் நடத்திய கில் என்ற ஆங்கிலேய மருத்துவர், கால் வீங்கித் துளைதுளையாகிச் சீழ் வடியும் ஒரு நோயை எழுதிவைத்தார். 'மதுரா ஃபுட்' என்று உலகப் புத்தகங்களில் ஏறிவிட்டது. வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களின் காலில் முள் குத்தும்; முள்ளோடு மண்ணில் இருக்கும் கிருமி உள்ளே போய், வருஷக்கணக்கில் எலும்புவரை அரிக்கும்.

சீழோடு கடுகு அளவிலோ அதைவிடச் சிறியதாகவோ குருணைகள் வரும். அந்தக் குருணையின் நிறத்தில்தான் மொத்தச் சூட்சுமமும்! கறுப்பு என்றால் பூஞ்சை, பெரும்பாலும் மதுரெல்லா. சிவப்பு என்றால் ஆக்டினோமதுரா பெல்லெட்டியெரி என்ற பாக்டீரியா. வெள்ளையோ மஞ்சளோ என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஏன் இவ்வளவு மெனக்கெடல்? பாக்டீரியா என்றால் ஆன்டிபயாட்டிக்கில் கால் பிழைக்கும். பூஞ்சை என்றால் மருந்து வேறு, சில சமயம் கத்தியே வேண்டியிருக்கும். ஆய்வகத்தில் இருப்பவர் சொல்லும் ஒரு சொல்லில் ஒரு விவசாயியின் கால் இருக்கிறது.

இந்த நோய்க்கு 'மைசெட்டோமா' என்று பெயர் வைத்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர், பம்பாயில் வேலை பார்த்த மருத்துவர். அவர் யார் தெரியுமா? மருத்துவ மாணவர்கள் தூக்கமுடியாமல் தூக்கிச் சுமக்கும் 'கிரேஸ் அனாட்டமி'க்கு முதல் பதிப்பில் அத்தனை படங்களையும் வரைந்த அதே கார்ட்டர்! உலக சுகாதார நிறுவனம் 2016-ல்தான் இந்த நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கில் எழுதி 174 வருஷம் கழித்து!

மதுரையோடு நின்றதா? காலரா பேதியின் கொள்ளைநோய்க்கு ஓ1 என்ற வகை மட்டுமே காரணம் என்று புத்தகங்கள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தன. 1992-ல் சென்னையில் காலரா மாதிரியே வளர்ந்து, காலரா மாதிரியே ஆளைச் சாய்த்து, ஓ1 சீரத்தோடு மட்டும் திரளாத ஒரு கிருமி தலைகாட்டியது. அதுதான் ஓ139! அன்றிலிருந்து உலகம் முழுக்கக் காலரா கேள்விக்கு 'ஓ1, ஓ139' என்று இரண்டு விடை எழுதுகிறார்கள்.

லீவு விட்டதால் கிடைத்த நோபல்

வயிற்றுப்புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் வயிற்றுச் சவ்விலிருந்து ஒரு சுருள் கிருமியை வளர்க்கத் தலைகீழாக நின்றார்கள். ஒன்றும் வளரவில்லை. ஏன் தெரியுமா? இரண்டு நாளில் ஒன்றும் தெரியாவிட்டால் பிளேட்டைத் தூக்கிப்போடுவது ஆய்வகத்தின் வழக்கம். 1982-ல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டது. பிளேட்டுகள் ஐந்து நாள் இன்குபேட்டரிலேயே கிடந்தன. திரும்பி வந்து திறந்தால் காலனிகள்! பிறகு மார்ஷல் அந்தக் கிருமியைக் குடித்தே காட்டியதும், 2005-ல் இருவருக்கும் நோபல் கிடைத்ததும் ஊரறிந்த கதை. குடித்ததைவிட அந்த லீவுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

1976 ஜூலையில் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் முன்னாள் படைவீரர் மாநாடு. கலைந்து போனவர்கள் வரிசையாக நிமோனியாவில் விழுந்தார்கள். 34 பேர் மாண்டார்கள். கிராம் ஸ்டெயினில் ஒன்றும் தெரியவில்லை, எந்த அகரிலும் வளரவில்லை. நாடே நடுங்கியது. ஜோசப் மெக்டேட் என்ற ஆய்வாளர் கிறிஸ்துமஸ் சமயத்தில், முன்பு ஒதுக்கிவைத்த பழைய ஸ்லைடுகளை மறுபடி எடுத்துப் பொறுமையாகப் பார்த்தார். ஒரு மூலையில் குச்சிக் கிருமிக் கூட்டம்! 1977 ஜனவரியில் லிஜியோனெல்லா உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கரி கலந்த கறுப்பு அகரில், சிஸ்டீனும் இரும்பும் கொடுத்தால்தான் அது வளரும். தேர்வுக்குப் படிப்பவர் இந்த வரியை மனப்பாடம் செய்ய ஒரு விநாடி போதும். கண்டுபிடிக்க அமெரிக்காவுக்கு அரை வருஷம் ஆனது.

முகர்ந்து பார்க்காதே!

கிருமிகளுக்கு வாசனை உண்டு, தெரியுமா? சூடோமோனாஸ் திராட்சை வாசம் அடிக்கும். ஐக்கினெல்லா பிளீச்சிங் பவுடர். க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் குதிரை லாயம். பழைய டெக்னீஷியன்கள் மூடியைத் திறந்ததுமே பெயரைச் சொல்வார்கள். ஆனால், பிளேட்டை மூக்கருகே கொண்டுபோவது இன்று கண்டிப்பாகக் கூடாது. புருசெல்லாவோ, மண் வாசனை வீசும் மெலியாய்டோசிஸ் கிருமியோ இருந்தால், ஒரு மூச்சில் ஆய்வாளரே நோயாளியாகிவிடுவார்! கேள்வித்தாள் இரண்டையும் கேட்கும்: வாசனையும் தெரிந்திருக்க வேண்டும், முகரவும் கூடாது.

வாசனை போக, நிறமும் ஏமாற்றும். செராஷியா ரத்தச் சிவப்பாக வளரும் என்று படிப்போம். தீங்கற்றது, நிறத்தால் எளிதில் பின்தொடரலாம் என்று நம்பி 1950 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படை அதை சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் மேலேயே ரகசியமாகத் தெளித்துச் சோதனை நடத்தியது! நம்ப முடிகிறதா? அதற்குப் பிறகு அங்கே ஒரு மருத்துவமனையில் 11 பேருக்குச் செராஷியா தொற்று, ஒருவர் இறந்தார். இறந்தவரின் குடும்பம் வழக்குப் போட்டுத் தோற்றது. தெளிப்புக்கும் சாவுக்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை. வேடிக்கை என்ன தெரியுமா? நோயாளிகளிடமிருந்து கிடைக்கும் செராஷியாவில் பெரும்பாலானவை சிவக்கவே சிவக்காது.

வாசனை, நிறம் மட்டுமல்ல, நேரமும் பார்க்க வேண்டும். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ரத்தத்துக்கு வரும். கொசு கடிக்கும் நேரம் பார்த்து வருகின்றன, கெட்டிக்காரப் புழு! பகல் முழுக்க நுரையீரல் நாளங்களில் பதுங்கல். அதனால்தான் சுகாதாரத் துறையினர் நடு ராத்திரியில் கதவைத் தட்டி விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஆப்பிரிக்க லோவா லோவாவுக்கு நேர்மாறு, அதைப் பரப்பும் ஈ பகலில் கடிப்பதால் உச்சிவேளையில் வரும்.

சில கேள்விகளுக்கு 'சாம்பிளைத் திருப்பி அனுப்பு' என்பதே சரியான விடை என்றால் நம்புவீர்களா? சளி என்று வந்ததில் கன்னத்துச் செல்கள் குவிந்திருந்தால் அது எச்சில். கல்ச்சர் போட்டு ரிப்போர்ட் கொடுத்தால் வாயில் குடியிருக்கும் அப்பாவிக் கிருமிக்கு மருந்து எழுதப்படும். சிறுநீரை உடனே போட முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம். முதுகுத்தண்டு நீரை? வைக்கவே கூடாது! மூளைக்காய்ச்சல் கிருமி குளிரில் செத்துவிடும். ஃபிரிட்ஜ் கேள்வியில் விழுந்தவர்கள் ஏராளம்.

சாகாத சிப்பாய்

லண்டனில் 1920-லிருந்து கிருமிகளைச் சேமித்துவைக்கும் ஒரு வங்கி இருக்கிறது. அதன் பதிவேட்டில் முதல் எண், 1915-ல் வடபிரான்சில் ஒரு ராணுவ மருத்துவமனையில் சீதபேதியால் இறந்த எர்னஸ்ட் கேபிள் என்ற சிப்பாயின் வயிற்றில் இருந்த ஷிகெல்லா! 2014-ல் அதை உயிர்ப்பித்து ஆராய்ந்தார்கள். மயிர்க்கூச்செறியும் சேதி: அது பென்சிலினுக்கு அடங்கவில்லை! ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டது 1928-ல். அதற்குப் பதின்மூன்று வருஷம் முன்பே, வராத மருந்துக்குக் கவசம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! ஃபிளெமிங்கும் அந்த வங்கிக்கு ஹீமோஃபிலஸ் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். எங்கிருந்து எடுத்தது தெரியுமா? அவருடைய மூக்கிலிருந்தே!

இப்போது மால்டி-டாஃப் என்ற கருவி வந்துவிட்டது. ஒரு காலனியைத் தடவி வைத்தால், லேசர் சுட்டு, புரதங்களின் எடையை அளந்து, சில நிமிஷத்தில் பெயரைச் சொல்லிவிடும். புரதத்தை உடைக்காமல் லேசரால் கிளப்பும் வித்தைக்கு 2002-ல் நோபல் வாங்கிய கொயிச்சி தனகா, ஜப்பானியக் கம்பெனி ஒன்றில் பி.எச்டி. இல்லாத பொறியாளர். கோபால்ட் பொடியில் தவறுதலாகக் கிளிசரினை ஊற்றிவிட்டார், வீணாக்க மனமில்லாமல் சோதித்தார், வேலை செய்தது! ஆய்வகங்களில் இன்றுள்ள முறை ஹில்லன்காம்ப், காராஸ் என்ற ஜெர்மானியர் இருவர் உருவாக்கியது. அவர்களுக்கு அந்த நோபல் இல்லை என்ற முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. கருவி இத்தனை கெட்டிக்காரத்தனமாக இருந்தும் ஈ. கோலையையும் ஷிகெல்லாவையும் பிரித்துச் சொல்லத் திணறும். அங்கே பழைய லாக்டோஸ், மோட்டிலிட்டி, சீரம் என்று கைவேலைதான்.

ஆக, எல்லாம் படித்தாயிற்று, 400-ம் தாண்டியாயிற்று, சான்றிதழும் வந்துவிட்டது. மூன்று வருஷத்தில் புதுப்பிக்க வேண்டும், தெரியுமா? அதற்குள் பெயர்களை மாற்றிவிடுவார்கள்! என்டரோபாக்டர் ஏரோஜீன்ஸ் இப்போது க்ளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ். க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில், மேலே நான் பழைய பெயரில் எழுதினேனே, அது க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் ஆகிவிட்டது. காண்டிடா க்ளாப்ரேட்டா என்ற பூஞ்சை நகாசியோமைசிஸ்! ஒரு காலத்தில் ஒட்டுண்ணிப் பாடத்தில் புரோட்டோசோவாவாக இருந்த நிமோசிஸ்டிஸை 1988-ல் மரபணுவைப் பார்த்துப் பூஞ்சைப் பாடத்துக்கு மாற்றினார்கள். பெயரும் கரினியிலிருந்து ஜிரோவெசியை என்றானது. பூஞ்சை மருந்துகள் பலவும் அதற்குக் கேட்காது என்பது வேறு கதை. ஏன் கேட்காது தெரியுமா? அந்த மருந்துகள் குறிவைக்கும் எர்கோஸ்டெரால் அதன் சவ்வில் இல்லை. இது அடுத்த பரீட்சைக்கு வரலாம், குறித்துக்கொள்ளுங்கள்!